யாரும் குடிக்காத ஊற்று

மலைமுகட்டில் இருக்கும் இராணுவ முகாமைப் பெரிதாக்கப் போகிறார்கள். அதற்கு முன் அந்த நிலப் பயன்பாட்டுத் திட்டத்தின் சுற்றாடல் தாக்கத்தை மதிப்பிட ஒரு குழு கொழும்பிலிருந்து வருகிறது, தமிழும் சிங்களமும் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் தேவை என்று ஹட்டனில் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். உடனே தலையாட்டிவிட்டேன். தலவாக்கலையைத் தாண்டி, அந்த முகாமின் சரிவில் இருக்கும் தேயிலைத் தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். முகாமுக்குக் கீழே உள்ள லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில், என் அத்தை இன்னும் இருக்கிறார். வேலையோடு வேலையாக அத்தையையும் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். இப்படி மண்டை காயப்போகிறது என்று யார் கண்டது?

குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு மேடம். நல்ல மனுஷி, படித்தவர். ஜீப்பில் ஏறியதும் வரைபடத்தை விரித்தார். சரிவு முழுக்க ஒரே பச்சை. அதன்மேல் ‘தேயிலை’ என்று எழுதியிருந்தது.

“லயங்கள் எங்கே மேடம்?”

“அதெல்லாம் தேயிலைக்குள் அடங்கும்.”

தேயிலைக்குள் அடங்குவது எங்களுக்கு ஒன்றும் புதிதில்லை. பச்சைக்கு மேலே, முகாம் எல்லைக்குள், சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம் இருந்தது. இராணுவ வாகனங்களைக் கழுவிப் பழுதுபார்க்கப் போகும் இடமாம். அது நேராக ஊற்றின் தலையில் உட்கார்ந்திருந்தது. அந்த ஊற்றுத் தண்ணீரைத்தான் அத்தையின் லயம் முழுதும் குடிக்கிறது. வீட்டுக்கொரு கறுப்பு ஓஸ் பைப்பை ஊற்றில் சொருகி, தேயிலைச் செடிகளுக்கு இடையே இழுத்து, வாசல் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தச் சதுரம் வந்தால் ஓஸில் எண்ணெயும் சவர்க்கார நுரையும் வரும். கொங்கிரீட் போட்டு மூடினால் அதுவும் வராது.

மேடம் ஒரு தடவை நேரில் பார்த்தால் போதும், அவரே சதுரத்தை நகர்த்தச் சொல்லிவிடுவார் என்று நம்பினேன். வழிகாட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

ஊற்றடியில் ஒரு ஓஸ்கூட இல்லை.

எப்போதும் கால் வைக்க முடியாதபடி ஓஸ்கள் பின்னிக் கிடக்கும் இடம், கூட்டிப் பெருக்கித் துப்புரவாகக் கிடந்தது. ஈரக்கல்லில் ஒரு தவளை மட்டும் உட்கார்ந்திருந்தது. மேடத்துக்கு அதைக் கண்டதும் ஒரே சந்தோஷம். இந்த மலையில் மட்டுமே வாழும் இனமாக இருக்கலாம் என்று படம் எடுத்துத் தள்ளினார். பிறகு கையிலிருந்த தாளில் எழுதினார்: வீட்டுத் தேவைக்கான பாவனை எதுவும் காணப்படவில்லை.

“மேடம், இங்கே ஓஸ் இருக்கும்.”

“எங்கே?”

வெறும் பாறையைத்தான் காட்ட முடிந்தது.

லயத்துக்குப் போனோம். முற்றத்தில் கோலம்கூடப் போட்டிருந்தார்கள். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் பிளேன்டீயும் பிஸ்கட்டும் கொடுத்து உபசரித்தார். அந்த ஊற்றிலிருந்து தண்ணீர் எடுக்கிறீர்களா என்று மேடம் என் மூலமாகக் கேட்டார். “இல்லைங்க” என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். என் அத்தையும் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமலே. மொழிபெயர்ப்பாளர் கேட்டதைத்தான் சொல்ல வேண்டும். “இல்லை என்கிறார்கள்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

நடந்தது இதுதான். அன்று காலைப் பெரட்டில், வேலைக்குப் பிரித்து அனுப்பும்போது, ஆபீசர்மார் ஊற்றைப் பார்க்க வருகிறார்கள் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். ஊற்று இருப்பது முகாம் எல்லைக்குள். உடனே ஆளாளுக்கு ஓடிப்போய் ஓஸைப் பிடுங்கிச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் ஒளித்துவிட்டார்கள். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒருவர் தோட்டத்துக்குள் வந்தால், எங்கள் ஆட்களுக்குச் சொந்தப் பொருளே திருட்டுப் பொருளாகத் தெரிய ஆரம்பித்துவிடும். தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

திரும்பும் வழியில் மேடத்திடம் உள்ளதைச் சொன்னேன். “இன்னொரு தடவை வருவோம். ஆனால் கண்ணால் காணாததை எழுத மாட்டேன்” என்றார். அது நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அத்தை வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

“வாயில என்ன அத்தை கொழுக்கட்டையா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்ல முடியாதா?”

“சொல்லிப்புட்டு? யாரைக் கேட்டு மாட்டுனீங்கன்னு கேப்பாங்க. அதுக்கு யாரு பதில் சொல்றது, நீயா?”

“அப்படியெல்லாம் கேக்க மாட்டாங்க. பாத்து எழுதிக்கிட்டுப் போயிருவாங்க.”

“ஒனக்கு இவங்களத் தெரியாது புள்ள. டவுனுக்குப் போயி மறந்துட்ட.”

ஒரு முழு நாள் வீடு வீடாகப் போய்க் கெஞ்சியும் திட்டியும் சம்மதிக்க வைத்தேன். யாரைக் கேட்டு மாட்டினீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன்.

இரண்டாம் முறை போனபோது ஓஸ்கள் எல்லாம் இருந்தன. அத்தை கோயிலுக்குக் கட்டும் சேலையில், குடத்தோடு நின்றார். மேடம் தாளை எடுத்தார். எனக்கு உயிர் வந்தது. அன்று முகாமிலிருந்து ஒரு மேஜரும் கூட வந்திருந்தார். மரியாதையான மனிதர். சுற்றிப் பார்த்துவிட்டு, மழை வருமா என்று கேட்பதுபோலச் சாதாரணமாகச் சிங்களத்தில் கேட்டார்:

“இதற்கு யாரிடம் அனுமதி வாங்கினார்கள்?”

அனுமதி என்பதற்கான அந்தச் சிங்களச் சொல் தெரியாதவர் எங்கள் தோட்டங்களில் இல்லை. நான் வாயைத் திறக்குமுன் அத்தை குனிந்து தன் ஓஸைப் பிடுங்கிவிட்டார். பக்கத்தில் நின்றவள் தன்னுடையதை. பிறகு எல்லோரும். தண்ணீர் பாறையில் வழிந்து எங்கள் செருப்பெல்லாம் நனைந்தது. மளமளவென்று ஓஸைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

வந்ததே எனக்குக் கோபம். மேஜர் மேல், அத்தை மேல், பச்சை வரைபடத்தின் மேல், வீடு வீடாகப் போய் வாக்குக் கொடுத்த என் மேல்.

“ஏன் கழற்றுகிறார்கள்?” என்று மேஜர் திகைத்துப்போய்க் கேட்டார்.

“நீங்கள் கேட்டீர்களே, அதனால்தான் சேர். முகாம் வருவதற்கு முன்பிருந்தே இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். இன்னும் பயந்து பயந்து குடிக்கிறார்கள்.”

மொழிபெயர்ப்பாளர் பேசக்கூடாத பேச்சு. மேஜர் பாறையில் வழியும் தண்ணீரைப் பார்த்தார். மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

அத்தை என் கையைப் பிடித்தார். “என்ன புள்ள சொல்றாரு? கேஸ் போடுவாங்களா?”

“ஓஸைத் திரும்ப மாட்டச் சொல்றாரு, அத்தை.”

“நெசமாவா?”

“ஆமா. எல்லாரையும் மாட்டச் சொல்றாரு. இது சேரோட ஓர்டர்.”

அத்தை மேஜரைப் பார்த்துப் பெரிதாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் குனிந்தார். மற்றவர்களும் கும்பிட்டுவிட்டு ஒவ்வொருவராக மாட்டினார்கள். தமிழ் தெரியாத மேஜரும், அவர்கள் ஏன் கும்பிடுகிறார்கள் என்று தெரியாமலே பதிலுக்குத் தலையசைத்தார். மேடம் பேனாவைத் திறந்து ஓஸ்களை எண்ண ஆரம்பித்தார்.