வாச்சர் தங்கையனும் ஓடைக்கரை அரணையும்

செய்தி கொண்டு வந்தவர் தங்கையனின் மச்சினர். "அத்தான் போயாச்சு அண்ணாச்சி. காச்சல்." மலை இரண்டாகப் பிளந்தது என்று எழுதத்தான் என் கை துடிக்கும். பிளக்கவில்லை. மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து முடித்தேன்.

நம் ரப்பர் தோட்டத்தில் காவல் பார்த்த வாச்சர் தங்கையனை அறியாதவர் இல்லை. அவர் தும்மினால் மணவாளக்குறிச்சிக் கடலில் வள்ளம் கவிழும் என்று பரப்பியவன், ஆபீஸ் எழுத்தராகிய நான். "லேசாத்தான் தும்மினேன் அண்ணாச்சி" என்பார். மகாராஜா ராஜப்பிரமுகர் பதவி ஏற்றதே என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுத்தான் என்று சொல்லித் திரிந்த வாய் இது.

தோட்டத்துக்காகக் காட்டை வெட்டியபோது ஓடைக்கரையில் மட்டும் கொஞ்சம் மரம் மிஞ்சியது. அங்கே சருகுக்கு அடியில் ஒரு வகை அரணை உண்டு. கால்கள் அரிசிமணி அளவு. ஓடும்போது அவற்றையும் ஒடுக்கிக்கொண்டு நெளியும். பாம்புக்குட்டி என்று கண்ட இடத்தில் அடிப்பார்கள். தங்கையன் ஒருவனின் கம்பைப் பிடித்து நிறுத்தியதைப் பார்த்தேன். "ஏலே, காலை எண்ணிட்டு அடி. நாலு இருக்கா? பொறவு என்னத்துக்கு அடிக்கே?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்தார். "வேற எங்கயும் இதைக் காணல்ல அண்ணாச்சி. நீங்க சொன்னா சனம் கேக்கும். பாம்பில்லன்னு சொல்லுங்க, போதும்."

போதுமா? எனக்கா? ஜெபம் முடிந்து வந்த கூட்டத்தின் நடுவில் நின்று முழங்கினேன்: அதன் மூச்சுப் பட்டால் ஏழு பனை பட்டுப்போகும், நிழல் பட்டால் ஆள் காலி, ஒருவரும் ஓடைப்பக்கம் போகாதீர்கள். பயந்தால் விலகி இருப்பார்கள் என்பது என் கணக்கு.

இரண்டு நாள் விலகி இருந்தார்கள். மூன்றாம் நாள் சருகுக்குத் தீ வைத்தார்கள்; ஓடைக்கரை புகைந்தது. ரப்பர் பால் வெட்டும் மரியம்மை இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். "பிள்ளையள வச்சிருக்கோம்லா அண்ணாச்சி. நீங்க சொன்ன பொறவு அதை விட்டு வைக்க முடியுமா?"

தங்கையன் சாம்பலைக் கிளறி, கரிந்த அரணை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "உள்ளதைச் சொல்லியிருந்தா சப்புன்னு இருந்திருக்கும் அண்ணாச்சி. ஆனா இது இருந்திருக்கும்." அவ்வளவுதான். மறுநாள் வழக்கம்போல எனக்கு வெற்றிலை நீட்டினார். வாங்கி வாயில் போட்டேன்; மெல்ல முடியவில்லை.

அதன்பின் மழையிலும் ஓடைக்குப் போனார். ஒன்றாவது மிஞ்சியிருக்கும் என்று தேடினார். கரிந்த கட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கிடந்தபடியே திரும்ப வைப்பார். "நமக்குத்தான் கட்டை. அரணைக்கு அதான் கூரைல்லா." அந்த மழையில்தான் காய்ச்சல்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கைப்பழக்கம் ஒன்றுதான். அடக்கம் முடிந்த மறுநாள் ஓடைக்குப் போனேன். பதினொரு கட்டை புரட்டினேன். பதினொன்றையும் கிடந்தபடியே வைத்தேன். திரும்பும் வழியில் மரியம்மை கேட்டாள்: "ஒண்ணாவது கண்டியளா அண்ணாச்சி?"

"இல்ல" என்றேன்.

மிச்சக் கதைக்காக அவள் காத்து நின்றாள். அதற்கு மேல் ஒன்றும் நான் சொல்லவில்லை.