தண்ணி ஊத்திக் கழுவாத வீடு

எங்க அக்கா போயி ஒரு வருசம் ஆகுது. இந்த நினைவு மலருல மத்தவுக எல்லாரும் அக்காவோட நல்ல குணத்த எழுதிட்டாக. மிச்சம் இருந்த பக்கம் எனக்கு. "நாலு சிரிப்பு எழுது மாப்ள, படிக்கிறவுக அழுதுக்கிட்டே இருக்க வேணாம்"னு மச்சான் சொல்லிட்டாரு. பேனாவத் தொறந்தா எனக்குச் சிரிப்பு வரல, குமட்டல்தான் வருது. காரணம், அக்கா ஒத்தக்கடையில கட்டுன வீட்டுல போட்ட மரத்தரை.

அக்கா பொறந்தது கொட்டாம்பட்டிப் பக்கம், கடலை போடுற குடும்பம். ஓட்டப்பந்தயத்துல ஓடி ஓடியே காலேஜ் வரைக்கும் போயிருச்சு. அதே வீட்டுச் சோத்தத் தின்ன நான் எட்டாவதுலயே மூச்சு வாங்கி உக்காந்துட்டேன். அப்புறம் மதுரையில ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். மச்சானக் கட்டி வில்லாபுரத்துல வாடகை வீடு. மேல் வீட்டுக் குழாய் ஒழுகி, செவரு எப்பப் பாத்தாலும் வேத்துக்கிட்டு நிக்கும். எதுத்தாப்ல சாக்கடை. அங்க சாப்புட உக்காந்தா நான் மூக்கப் பொத்திக்கிட்டுதான் ரசம் குடிப்பேன். அக்கா ஒரு நாள் மொகஞ்சுளிச்சதில்ல. பிள்ளைக இல்ல. அதப் பத்திக் கேட்டவுகள மட்டும், கிரவுண்ட ரெண்டு ரவுண்டு ஓடச் சொல்லுற மாதிரி ஒரு பார்வ பாக்கும்.

ஒரு தடவ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள வெளியூருக்குக் கூடைப்பந்துப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போச்சு. அங்க ஆடுற அரங்கத்துல மரத்தரை. ஆட்டம் முடிஞ்சதும் ஷூவக் கழட்டிட்டு வெறுங்கால்ல ஒரு சுத்து நடந்திருக்கு. திரும்பி வந்து எங்கிட்டச் சொன்னது இதான்: "டேய், சிமிண்டுல ஓடி ஓடி என் முட்டி போச்சு. அந்தத் தரை கால வலிக்க விடல. வீடுன்னு ஒண்ணு கட்டுனா இதான் போடுவேன்."

ரிட்டையர் ஆகி, ஒத்தக்கடையில வீடு எந்திரிச்சப்ப, கார் ஓட்டுற வேலை எனக்கு. ஏசி போட்ட கடை கடையா ஏறுனோம். வாசல்லயே சென்ட் வாடை, உள்ள பசை வாடை, ரெண்டும் சேந்து காலையில தின்ன இட்லிய மேல தூக்கிட்டு வரும். டை கட்டுன ஒரு பய பலகையக் காட்டி, "மேடம், அப்படியே மரம் மாதிரி இருக்கும்"னான்.

"தம்பி, மரம் மாதிரி இருக்க வேணாம். மரமா இருக்கணும்"னுச்சு அக்கா.

குனிஞ்சு பாத்தா, மரத்தூள அமுக்கி மேல மரத்தோட போட்டோவ ஒட்டியிருக்காய்ங்க. எல்லாப் பலகையிலயும் ஒரே முடிச்சு, ஒரே எடத்துல. மூக்குல ஒரே மச்சம் வச்ச அஞ்சு மாப்பிள்ளைகள வரிசையா நிக்க வச்ச மாதிரி இருந்துச்சு. அருவருப்பா வந்துருச்சு எனக்கு.

கடைசியா ஒரு மரக்கடையில தேக்கு கெடச்சது. பலகை ஒரு சாண் அகலத்துக்குக் கொறையக் கூடாதுன்னுருச்சு அக்கா. "அகலப் பலகைன்னா தண்ணி மட்டும் ஆகாதும்மா. மொண்டு ஊத்துனீங்கன்னா கிண்ணம் மாதிரி குழிஞ்சிரும்"னாரு கடைக்காரரு. "நான் துணியப் பிழிஞ்சு தொடச்சுக்கிருவேன்"னு அக்கா கையடிச்சுக் குடுத்துருச்சு.

பலகை வந்ததும் போட்டுற முடியாதாம். வீட்டுக் காத்து பழகணும்னு கூடத்துலயே அடுக்கி வச்சாக. புதுப்பொண்ணுக்குக் கூட எங்க குடும்பத்துல இம்புட்டு அவகாசம் குடுத்ததில்ல. அந்தக் கட்டு மேல எங்க சின்னம்மா வந்து வடகம் காயப்போட்டுட்டுப் போயிருச்சு. அம்மா போனதுல இருந்து எங்களுக்கு எல்லாமே இந்தச் சின்னம்மாதான். சொன்னா யாரும் மறுக்க முடியாது. அப்புறம் அடியில கரையான் மருந்து அடிச்சாக. ஒரு வாரம் என் காப்பியில கூட மருந்து வாடை.

பால் காய்ச்சுற அன்னைக்கு சின்னம்மா மாட்டையும் கன்னையும் ஓட்டிட்டு வந்துருச்சு. "பசுமாடு ஏறாத வீடு ஒரு வீடாடா?" மினுமினுன்னு இருந்த தேக்குல மாடு நாலு காலயும் பரப்பி நின்னுச்சு. வாலத் தூக்குச்சு. எல்லாரும் "லட்சுமி வந்துட்டா!"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாக. கோமியம் பலகை இடுக்குக்குள்ள எறங்குது. பட்டுச்சேலையோட அக்கா முட்டி போட்டு துண்ட வச்சு ஒத்தி எடுக்குது. மாடு நிதானமா நின்னுச்சு. ஓங்கரிச்சுக்கிட்டு வெளிய ஓடுனது நான். மழை பேஞ்சா இன்னைக்கும் அந்த மூலையில வாடை வரும்.

அப்புறம் நுரையீரல்ல நோவு வந்துச்சு. கடைசி மாசங்கள்ல அக்காவுக்கு வாசல் வரைக்கும் கூட முடியல. காலையில செவத்தப் புடிச்சுக்கிட்டு, வெறுங்கால்ல கூடத்த ஒரு சுத்து வரும். "இதுக்குத்தாண்டா போட்டேன்"னு மூச்சு வாங்கிக்கிட்டே சொல்லும். நான், "கார்ப்பெட் போட்டிருந்தா மாடு ஏறியிருக்காது"ம்பேன். சிரிக்கும், இருமும். ஒரு நாள் காலையில எந்திரிக்கல.

சாவு வீட்டப் பத்தி எழுதக் கூடாதும்பாக. எழுதத்தான் போறேன். செருப்போட ஏறுனாக. குடிச்ச காப்பி டம்ளர பலகையிலயே கவுத்துனாக. ஒருத்தர் வெத்தலச் சாற மூலையில துப்பிட்டு, "தங்கமான பொம்பள"ன்னு கண்ணத் தொடச்சாரு. ஃப்ரீசர் பொட்டியில இருந்து சொட்டு சொட்டா தண்ணி. அதுல மாலைப் பூ விழுந்து அழுகி, மிதிபட்டு, சகிக்கல. மச்சான் அழுகல. அந்தச் சொட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

தூக்குறதுக்கு முன்னாடி, பொறந்த வீட்டுக் கோடித் துணியப் போட்டுட்டு நிமிந்தேன். மச்சான் என் கையப் புடிச்சாரு.

"மாப்ள, நீ சுடுகாட்டுக்கு வராத. வீட்டுல இரு."

"என்ன மச்சான் பேசுறீங்க? கூடப் பொறந்தவன் நான்."

"நாங்க அந்தப் பக்கம் போனதும் உங்க சின்னம்மா வாளியத் தூக்கிரும். உங்க அக்கா இந்தத் தரையில ஒரு செம்புத் தண்ணி ஊத்துனதில்ல. நீ இருந்தா நான் நிம்மதியாக் கொள்ளி வைப்பேன்."

பொணம் போனதும் வீட்டக் கழுவி விடுறதுதான் எங்க வழக்கம். தெரு திரும்புற வரைக்கும் சங்குச் சத்தம் கேட்டுச்சு. அக்கா போற வழியில ஒரு அடி கூட நான் நடக்கல. திரும்பிப் பாத்தா சின்னம்மா ரெண்டு கையிலயும் வாளியோட நிக்குது.

"தள்ளுடா."

"சின்னம்மா, பலகை போயிரும்."

"ஒங்க அக்காளே போயிட்டா, பலகை எதுக்குடா? தண்ணி படாம தீட்டு எப்பிடிப் போகும்?"

"தண்ணி படும். நான் பட வைக்கிறேன்."

வேட்டிய மடிச்சுக் கட்டி, துணிய நனைச்சு, இறுகப் பிழிஞ்சு, முட்டி போட்டேன். காப்பிக் கறை, வெத்தலக் கறை, அழுகுன பூ எல்லாம் கையில பிசுபிசுன்னு ஒட்டுது. ரெண்டு தடவ ஓங்கரிச்சேன். ஒவ்வொரு பலகையா ஈரத்துணி, பின்னாடியே காஞ்ச துணி. "ஆம்பள செய்யுற வேலையாடா இது, கேவலமா இருக்கு"ன்னு சின்னம்மா தலையில அடிச்சுக்கிருச்சு. பாதிக் கூடம் வந்தப்ப என் முட்டி மடங்கல. அப்ப சின்னம்மா பக்கத்துல உக்காந்து, கையில இருந்த துணியப் புடுங்கிப் பிழிஞ்சு குடுத்துச்சு. "நல்லாப் பிழியத் தெரியுதா ஒனக்கு, சொட்டுது பாரு"ன்னுச்சு. அடுப்படியையும் வாசலையும் மட்டும் தண்ணி ஊத்திக் கழுவுனோம். கூடத்துல விளக்கு ஏத்துனோம்.

ஆம்பளைக திரும்பி வந்தாக. வாசல்ல கால் கழுவிட்டு உள்ள போயி விளக்கப் பாக்கணும். மச்சான் கழுவிட்டு நெலைப்படியிலயே நின்னுட்டாரு. கால்ல ஈரம். உள்ள ஏறவும் மனசில்ல, பின்னாடி நிக்கிறவுகளுக்கு வழி விடவும் தெரியல. நான் தோள்ல கெடந்த துண்ட எடுத்து, குனிஞ்சு, அவரு ரெண்டு காலயும் தொடச்சு விட்டேன். வெரல் இடுக்கு வரைக்கும். அப்பத்தான் மச்சான் அழுதாரு.

அன்னைக்கு வந்து தோள் குடுத்தவுக, சமைச்சுப் போட்டவுக, ஆஸ்பத்திரியில ராத்திரி முழிச்சவுக, சொல்லாம வந்து நின்ன பழைய மாணவிக, துணி பிழிஞ்ச சின்னம்மா எல்லாருக்கும் எங்க குடும்பத்தோட நன்றி. வெத்தலை போட்டவருக்கும் நன்றி, மூலையைச் சுரண்டி எடுத்துட்டோம். இந்த மலர வாங்கிட்டு உள்ள வாரவுக, வாசல்ல துண்டு போட்டிருக்கேன். காலத் தொடச்சுட்டு வாங்க.