சொற்பட்டியலுக்குப் பின்னால்

திருப்பதி பேருந்து நிலையத்தில் இன்று யாரோ சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மைதாப் பசையின் புளித்த வாடை மூக்கில் ஏறியதும், நகரியில் விசைத்தறிக் கொட்டகையின் மாடியில் முன்பு நடந்த, இப்போது இல்லாமல் போன அந்த இங்கிலீஷ் வகுப்புக்கு நினைவில் போய்விட்டேன். கீழே தறிகள் ஓட ஓட, மேலே தரையும் பெஞ்சும் எங்கள் முழங்கால்களும் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்விலேயே என் அக்காவும் மற்றவர்களும் 'ரிலக்டன்ட்', 'இன்எவிடபிள்' என்று பெரிய பரீட்சைக்கான கடினச் சொற்களை ஒப்பிப்பார்கள். சுவரில் விரிசல் விடும் இடத்திலெல்லாம் சார் புதிய சொற்பட்டியலை ஒட்டச் சொல்வார்.

"செவுத்துக்கும் இங்கிலீஷ் வந்துடும்பா" என்று சிரிப்பார்.

ஒருநாள் பட்டியலின் ஓரம் பிரிந்திருந்தது. பின்னால் இருந்த விரிசலில் என் கை மணிக்கட்டுவரை நுழைந்தது. அக்காவிடம் காட்டினேன்.

"நைனாகிட்ட சொல்லாதடி. கிளாஸுக்கே அனுப்பமாட்டாரு. பரீட்சைக்கு இன்னும் பத்து நாள்தான் கீது."

நான் சொல்லவில்லை. பசை தடவி ஓரத்தை அழுத்தி ஒட்டினேன். அக்கா அதன் கீழேயே உட்கார்ந்து படித்தாள். ஆறாம் நாள், தறிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவர் உள்பக்கமாகச் சரிந்தது. அக்காவை வெளியே எடுத்தபோது உயிர் இருந்தது, கால்களில் உணர்வில்லை.

"முன்னாடியே யாருக்காச்சும் தெரியுமா?" என்று ஆஸ்பத்திரியில் நைனா கேட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பாமல், "தெரியாது நைனா" என்றாள்.