பங்குனிச் சுற்றறிக்கையில் ஒரு திருத்தம்

1. சுவரிலிருந்து உரித்த தாள்

சிவகாசியில் என் அலுவலகத்தைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். கையில் ஒரு தாள். அதன் நான்கு மூலைகளிலும் பசை காய்ந்து சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. பத்து நாள் முன்பு நான் எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பிய சுற்றறிக்கை அது. பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்ததை உரித்தே கொண்டுவந்துவிட்டாள்.

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. நான் அப்போது பெண்கள் ஆரம்பப் பள்ளிகளுக்கு டெபுடி இன்ஸ்பெக்ட்ரஸ். ஒவ்வொரு பங்குனியிலும், ஆண்டுப் பரீட்சைக்கு முன்னால், ஒரு சுற்றறிக்கை அனுப்புவேன். பரீட்சைத் தேதி, கோடை விடுமுறை, ரிஜிஸ்டர்களை ஒப்படைக்கும் நாள் இவ்வளவுதான் அதில் இருக்கும். இரண்டாம் வருடம் நானாகவே ஒரு பக்கம் சேர்த்தேன். 'பள்ளிச் செய்திகள்' என்று தலைப்பு. விஸ்வநத்தத்தில் பிள்ளைகள் நட்ட வேப்பங்கன்றுகள், தாயில்பட்டியில் மதிய உணவுக்கு ஊரார் கொடுத்த பாத்திரங்கள் என்று எழுதினேன். தங்கள் ஊர்ப் பெயரை எழுத்தில் பார்த்த ஆசிரியைகளுக்குப் பெரிய சந்தோஷம். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

"இத எழுதுனது நீங்கதானா தாயி?" என்று கேட்டாள் வந்தவள்.

"ஆமாம். உட்காருங்க. எந்த ஊரு?"

வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றைச் சொன்னாள். பெயர் இங்கே வேண்டாம். அவள் பெயர் மாரியம்மாள்.

"எம்மக முத்துலட்சுமிதான் வாசிச்சுக் காட்டுனா. எங்க ஊருல அஞ்சாங் கிளாசுப் பிள்ளைக பதினோரு பேரும் ஒரு நா விடாம வாராகன்னு போட்டிருக்காம்லா?"

"ஆமா. நல்ல விஷயந்தானே?"

"அந்தப் பதினோரு பேர்ல அவளும் ஒருத்தி. ஆனா ஆவணியில இருந்து அவ தீப்பெட்டி ஆபீசுக்குல்லா போறா. குச்சி அடுக்குத வேலைக்கு."

எனக்கு முகம் சுண்டிப்போனது. டீச்சர் மேல் புகார் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"எழுதிக் குடுங்க. விசாரிக்கிறேன்" என்றேன்.

"விசாரிக்கச் சொல்லி வரலம்மா. எம்மக பள்ளிக்கூடத்துல இருக்கான்னு சர்க்கார் தாளே சொல்லுது. அப்ப அவளுக்குப் பரீச்ச எழுத உரிமை உண்டா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. கிணறு வெட்டுல அவுகப்பாவுக்குக் கால் போச்சு, அதுனாலதான் அவள நிப்பாட்டுனேன். பரீச்ச முடிய மூணு வாரந்தானே? அவ வேலையயும் சேத்து நானே பாத்துக்கிடுதேன்."

'நாளை நேரில் வருகிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று அனுப்பிவைத்தேன்.

2. ஏழு பெண்கள்

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கி, கரிசல் காட்டு வழியே நடந்து பள்ளிக்குப் போனேன். நுழைந்ததும் முதலில் தலைகளை எண்ணினேன். ஐந்தாம் வகுப்பில் ஏழு பெண்கள். பிறகு அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைத் திறந்தேன். அன்றைய தேதியில் பதினோரு பெயருக்கும் வருகை போட்டு மை காய்ந்திருந்தது.

தலைமை ஆசிரியை செல்லத்தாய் எதையும் மறைக்கப் பார்க்கவில்லை.

"பேர எடுத்தா எண்ணிக்கை கொறஞ்சிரும்மா. கொறஞ்சா ரெண்டாவது டீச்சர எடுத்துருவீக. அப்புறம் அஞ்சு கிளாசையும் நான் ஒருத்தியே எப்பிடிப் பாக்க?"

"தை மாசம் நான் வந்தப்ப பதினோரு பேரும் இருந்தாங்களே?"

"நீங்க வார தேதிய தபால் கார்டுல எழுதிட்டுத்தானே வந்தீக. தீப்பெட்டி ஆபீசு போர்மேன்கிட்ட கேட்டு, நாலு பிள்ளைகளையும் அரை நாள் கூட்டியாந்தேன்."

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு பெண் எழுந்து கணீரென்று பாடம் வாசித்தாள். முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். அவள்தான் முத்துலட்சுமி.

பள்ளிக் கிணற்றடி நிழலில் உட்கார்ந்து யோசித்தேன். பொய் வருகையை அப்படியே விட்டால், நானும் அதில் கையெழுத்துப் போட்டதாகிவிடும். ரிப்போர்ட் எழுதினால் ஒரு ஆசிரியை போய்விடுவாள். மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்கும் நஷ்டம். கடைசியில் பொய்யான வருகைகளைச் சிவப்பு மையால் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். நான்கு பெயர்களை மட்டும் எடுக்கவில்லை. வந்தால் பரீட்சை எழுதலாம் என்று என் பொறுப்பில் எழுதிவைத்தேன். செல்லத்தாய்க்கு மெமோ கொடுத்தேன். அவள் அதை மடித்து ரிஜிஸ்டருக்குள் வைத்தாள். எனக்கு நிம்மதியில்லை.

நால்வரில் இரண்டு பேர் வந்தார்கள். முத்துலட்சுமி தமிழில் நன்றாக எழுதினாள். கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறினாள். ஜூனில், வருகை குறைந்ததைக் காட்டி, இரண்டாவது ஆசிரியையை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். என்னால் தடுக்க முடியவில்லை.

"ஆறாவதுல ஏன் சேர்க்கலை?" என்று மாரியம்மாளைப் பிறகு ஒருமுறை கேட்டேன்.

"அம்புட்டுத் தூரம் எப்பிடிம்மா அனுப்ப? அவ மறுபடி வேலைக்குப் போறா. ஆனா பாசுன்னு நீங்க எழுதிக் குடுத்த தாள் பெட்டியில இருக்கு. அது எங்கயும் போயிராது."

3. திருத்தம்

பரீட்சை முடிந்த வாரமே இன்னொரு சுற்றறிக்கை அனுப்பினேன். ஊர்ப் பெயர் போடவில்லை. "சென்ற செய்திப் பக்கத்தில் ஒரு பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் பதினோரு பெண்களும் தவறாமல் வருவதாக எழுதினேன். வருபவர்கள் ஏழு பேர்தான். தேதியை முன்கூட்டித் தெரிவித்துவிட்டுப் போய்ப் பார்த்தது என் தவறு." இவ்வளவுதான்.

விருதுநகரில் இருந்த மேலதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். தாள் அவர் மேஜைமேல் கிடந்தது.

"ஏம்மா, நம்ம தப்பை நாமளே தபால்ல போட்டு ஊர் பூரா அனுப்புவாங்களா?"

"தப்பு என்னோடதுதான் சார். அதனால என் பேர்லதான் அனுப்பினேன்."

"அடுத்த வருஷத்துல இருந்து இந்தச் செய்திப் பக்கமே வேண்டாம்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் அந்த வாரத்திலிருந்து எனக்குத் தபால் வரத் தொடங்கியது. யாரும் கேட்காமலே ஆசிரியைகள் எழுதினார்கள். "எங்கள் பள்ளியிலும் மூன்று பெயர் அப்படித்தான்." "நான்காம் வகுப்பில் இருவர் வெடி கம்பெனிக்குத் தாள் சுருட்டப் போகிறார்கள்." ஒரு டீச்சர், நின்றுபோன ஒவ்வொரு பெண்ணின் பெயரையும், தெருவையும், எந்த வேலைக்குப் போகிறாள் என்பதையும் வரிசையாக எழுதி, கீழே "இவர்களை மறுபடி கூப்பிட வழி உண்டா?" என்று கேட்டிருந்தார்.

நல்ல செய்தியை மட்டும் நான் கேட்டுக்கொண்டிருந்த வரையில், இந்தப் பெயர்களை எனக்குச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. இந்தக் கடிதங்களைப் படித்த பிறகுதான் இது எனக்குப் புரிந்தது. இப்போது வேலைக்கு வரும் இன்ஸ்பெக்டர்களிடம் நான் சொல்வது இது ஒன்றுதான்.

அந்தக் கோடை விடுமுறையில் நான் ஊருக்குப் போகவில்லை. முன்கூட்டிக் கார்டு போடாமல், அந்தக் கடிதங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனேன். திரும்பி வந்த பெண்கள் கொஞ்சம்தான். மற்றவர்களும் தங்கள் பெயரைச் சொல்லி ஒருத்தி தேடி வந்ததில் ஆச்சரியப்பட்டு, உட்காரச் சொல்லிக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள்.