தானாக ஏறியவன்

போன ஆடியில் குற்றாலத்துக்குப் போயிருந்தேன். குளிக்க அல்ல. மதுரையிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் குளித்தார்கள். நான் அவர்களுடைய செருப்புக்கும் செல்போனுக்கும் காவல். தென்காசிக்காரன் தலையெழுத்து அப்படி. சீசன் வந்துவிட்டால் நமக்கு இத்தனை சொந்தக்காரர்களா என்று நமக்கே மலைப்பாக இருக்கும்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஐந்தருவி சாலையில் ஒரு பஜ்ஜிக் கடையில் ஒதுங்கி, வாழைக்காய் பஜ்ஜியைப் பிட்டு ஊதிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. பக்கத்தில் ஈரத்துண்டோடு நின்ற ஓர் இளைஞர் போனில் யாரிடமோ சொன்னார்: "இங்கயும் கரண்ட் கட்டு. இவனுங்களுக்கெல்லாம் சம்பளமே தண்டம். தின்னுட்டுத் தூங்குறானுங்க." பத்து நிமிடத்தில் கரண்ட் வந்துவிட்டது. அது வந்ததை அவர் கவனிக்கவே இல்லை. நான்தான் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் அப்படிப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

வெளியே எங்கோ மரம் விழுந்திருக்க வேண்டும். காற்றில் வெட்டுப்பட்ட பச்சைக் கிளையின் வாசனை வந்தது. உங்களுக்கு அது நல்ல வாசனையாக இருக்கலாம். எனக்கு அது வேலையின் வாசனை. கூடவே மாடசாமியின் நினைவும் வந்துவிடும்.

கரண்ட் ஆபீஸில் நான் லாரி டிரைவராக இருந்தேன். டிரைவர் என்றால் ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டுக் கால் மேல் கால் போட்டு உட்காருகிற வேலை என்று நினைத்துத்தான் நானும் சேர்ந்தேன். போய்ச் சேர்ந்த இடத்தில் இறங்கியதும் நானும் கீழாள்தான். குழி தோண்ட வேண்டும், கம்பத்தைத் தூக்கி நிறுத்தக் கயிறு இழுக்க வேண்டும், மேலே இருக்கிறவன் கேட்கிற சாமானை வாளியில் கட்டி ஏற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆள் ஏறியதிலிருந்து இறங்கும்வரை அண்ணாந்து அவனையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. தெருவில் நடந்தால் கண் தானாகக் கம்பத்துக்குப் போய்விடும். "மேலயே பாத்துட்டு நடக்குதிய, ஒருநா சாக்கடைக்குள்ள விழப் போறிய" என்று என் மனைவி சொல்வாள். ஒருநாள் விழவும் செய்தேன். அந்தக் கதை இப்போது வேண்டாம்.

எங்கள் வண்டியில் மூன்று பேர். வயர்மேன் சுடலை அண்ணாச்சி, நான், மாடசாமி. சுடலை அண்ணாச்சியும் நானும் நிரந்தர வேலைக்காரர்கள். மாடசாமி காண்ட்ராக்ட் ஆள். அதாவது, எங்களை விட இரண்டு மடங்கு வேலை செய்கிறவன். வடகரையிலிருந்து காலையில் சைக்கிளில் வருவான். பதினோரு வருடம் லாரியின் பின்பக்கம் நின்றுகொண்டே வந்தான். கேபினில் இடம் இருக்கிறதே, உட்காரு என்றால், "அங்கன காத்து வராது அண்ணாச்சி" என்பான். கம்பம் ஏறுவதில் அவனுக்கு நிகரில்லை. எங்கள் இருவருக்கும் முழங்கால் போன பிறகு, ஏறுகிற வேலை முழுக்க அவன் தலையில்தான் விழுந்தது. காண்ட்ராக்ட் ஆள் கம்பம் ஏறக் கூடாது என்று விதி. அவன் ஏறாவிட்டால் ஊரில் பாதிக்கு வெளிச்சம் கிடையாது. இது ஆபீஸில் கூட்டுகிற அம்மா முதல் அதிகாரி வரை எல்லோருக்கும் தெரியும்.

அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீசன் உச்சத்தில். குற்றாலத்தில் லாட்ஜுகள் நிறைந்த ஒரு தெருவில் மாமரக் கிளை ஒன்று ஒடிந்து கம்பிமேல் கிடந்தது. அங்கே நின்றது பழைய இரும்புக் கம்பம். வருடக்கணக்காகப் பக்கத்துக் கடைக்காரர்கள் பாத்திரம் கழுவிய தண்ணீரை அதன் அடியில்தான் ஊற்றினார்கள். மாடசாமி கடப்பாரையால் அடியில் ஒரு தட்டுத் தட்டினான். துரு, அடை அடையாக உதிர்ந்தது.

"அண்ணாச்சி, இது ஆடுதுல்லா."

அது ஆடுகிறது என்று சுடலை அண்ணாச்சி ஏற்கனவே இரண்டு தடவை ஆபீஸில் எழுதிக் கொடுத்திருந்தார். இப்போது அதிகாரிக்குப் போன் போட்டார். மழை இரைச்சலில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

"லாட்ஜ்காரங்க பத்து தடவ கூப்பிட்டாச்சு. மொதல்ல கரண்ட்டக் குடுங்க. போஸ்ட்ட சீசன் முடிஞ்சு மாத்திக்கிடலாம்."

புதுக் கம்பம் தென்காசி யார்டில் கிடந்தது. "நான் போயி ஏத்திட்டு வந்திருதேன் சார், ரெண்டு மணி நேரந்தான்" என்று நான் குரல் கொடுத்தேன். "நீங்க வண்டிய மட்டும் பாருங்க" என்றார் அவர்.

வண்டியை மட்டும் பார்த்தேன். யோசித்துப் பாருங்கள்: சாவி என் பாக்கெட்டில் இருந்தது. யாரையும் கேட்காமல் ஸ்டார்ட் பண்ணிப் போயிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? ஒரு மெமோ கொடுத்திருப்பார்கள். அதற்கு மேல் எதுவுமில்லை.

லைனை நிறுத்திச் சரிபார்த்துவிட்டு, கம்பத்தின் உச்சியில் இரண்டு கயிறு கட்டி, ஒன்றைச் சுடலை அண்ணாச்சியும் ஒன்றை நானும் இழுத்துப் பிடித்தோம். மாடசாமி அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினான். கிளையின் பாரத்தில் கம்பி தொய்ந்து, கம்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. நாலு வெட்டு. கிளை விழுந்தது. பாரம் விட்டதும் கம்பி சாட்டை மாதிரித் துள்ளியது. கம்பம் அடியோடு முறிந்தது. கயிறு என் இரண்டு உள்ளங்கையையும் உரித்துக்கொண்டு ஓடியது. நான் விடவில்லை என்று இத்தனை வருடமாக எல்லோரிடமும் சொல்கிறேன். விட்டேனா என்று எனக்கே தெரியாது.

மாடசாமி பக்கத்துக் கடையின் தகரக் கூரைமேல் விழுந்து, அங்கிருந்து ரோட்டில் விழுந்தான். நினைவு இருந்தது. "கால் எங்கன கெடக்கு அண்ணாச்சி?" என்றான். கால் உடம்போடுதான் இருந்தது, ஆனால் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

லாரியில் சாக்கு விரித்து அவனைக் கிடத்தினோம். முந்நூறு அடிகூடப் போயிருக்க மாட்டேன், அதற்குமேல் வழியில்லை. இரண்டு பக்கமும் கார்கள். நடுவில் குளித்துவிட்டு வருகிற கூட்டம், ரம்புட்டான் பழத்தை உரித்துத் தின்றுகொண்டு. ஹாரனை அமுக்கிய கையை எடுக்கவில்லை. முன்னால் நின்ற காரின் கண்ணாடி இறங்கியது. "அவசரம்னா பறந்து போயேன்யா" என்றது ஒரு குரல். பின்னால் ஆள் கிடக்கிறான் என்று கத்தினேன். நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் போனை உயர்த்திப் படம் எடுத்தார். ஆம்புலன்ஸும் மெயின் ரோட்டில் நுழைய முடியாமல் நின்றது.

அப்போது எண்ணெய் தேய்க்கிறவர்கள் வந்தார்கள். ஓரத்தில் பலகை போட்டு ஆட்களுக்கு எண்ணெய் தேய்த்து உருட்டுவார்களே, அவர்கள். அவர்களில் வயதான ஒருவர் லாரிமேல் ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பிக் கத்தினார்: "ஏலே, பலகையக் கொண்டாங்கலே! ஆள இதுல கெடத்து. கையில மண்ணத் தேச்சுக்கோ, வழுக்கும்." எண்ணெய்க் கையில் ரோட்டு மண்ணை அள்ளித் தேய்த்துக்கொண்டு, ஆறு பேர் மாடசாமியைப் பலகையோடு தலைக்குமேல் தூக்கி, கூட்டத்தைத் திட்டித் திட்டி விலக்கிக்கொண்டு ஓடினார்கள். சுடலை அண்ணாச்சியும் பின்னால் ஓடினார். நான் மட்டும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஆளை ஏற்றிப் போவதுதான் என் வேலை. அதைச் செய்யாமல் ஒண்ணரை மணி நேரம் அங்கேயே இருந்தேன்.

இடுப்பும் தொடையும் முறிந்திருந்தன. ஆபரேஷன் முடிந்த மறுநாள் அதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். காண்ட்ராக்டர் கையை விரித்துவிட்டானாம். ஒப்பந்தம் போன மாதமே முடிந்துவிட்டது, அவன் என் ஆள் இல்லை என்கிறானாம். டைப் அடித்த காகிதம் மேஜையில் தயாராக இருந்தது. 'மேற்படி நபர் எங்கள் தடையையும் மீறித் தானாகவே கம்பத்தில் ஏறினார்.' சுடலை அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பிறகு நானும் போட்டேன். உள்ளங்கையில் கட்டு இருந்ததால் எழுத்து கோணல்மாணலாக வந்தது. "பரவால்ல, இது போதும்" என்றார் அதிகாரி.

ஏன் போட்டேன் என்று கேட்பீர்கள். மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம், ஓய்வுக்குக் கொஞ்ச வருடம்தான் பாக்கி. காரணங்கள் இவைதான். இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஒரு மாதம் கழித்து மாடசாமியின் மனைவி செல்வி என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. என் மனைவி கொடுத்த காப்பியை வாங்கவில்லை.

"அண்ணே, பதினோரு வருசம் ஒங்க வண்டிக்குப் பின்னால நின்னு வந்தாரு. ஒரு நாளாவது, நீங்க 'ஏறுலே'ன்னு சொல்லாம, அவரு தானா ஏறியிருக்காராண்ணே?"

நான் நாற்காலியை எடுத்து அவள் பக்கம் போட்டேன்.

"இல்லேன்னாவது சொல்லுங்க. அவரு கேக்கச் சொன்னாரு."

"இல்லம்மா" என்றேன். அதைக் கேட்டுக்கொண்டு அவள் போய்விட்டாள். அழவோ சாபம் விடவோ செய்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

லாரிக்கு ஒரு டிரிப் ஷீட் உண்டு. எங்கே போனது, எதற்குப் போனது, யார் யார் போனார்கள் என்று டிரைவர் தினமும் எழுத வேண்டும். நான் சோம்பேறிதான், ஆனால் அதை மட்டும் ஒழுங்காக எழுதுவேன். பழைய நோட்டுகள் எல்லாம் ஆபீஸ் பரணில் கிடந்தன. அவன் பெயர் பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்தில் இருந்தது. எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து, முதலில் நான் கையெழுத்துப் போட்டது பொய் வாக்குமூலம் என்று எழுதி, லேபர் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்டுக் கேஸ் போட்டிருந்த செல்வியின் வக்கீலிடம் கொடுத்தேன். "ரிட்டையர் ஆகுத நேரத்துல ஒமக்கு எதுக்குய்யா இந்த வேல?" என்று அதிகாரி உண்மையாகவே வருத்தப்பட்டார். முன்னுக்குப் பின் முரணாக எழுதிக் கொடுத்ததாக எனக்கு மெமோ வந்தது. ராயகிரிக்கு மாற்றல் வந்தது. ஓய்வு பெறும்வரை விடியற்காலையில் எழுந்து பஸ் பிடித்தேன். சுடலை அண்ணாச்சி சாகும்வரை என்னோடு பேசவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த அதிகாரிமேல் இருக்கிறது. போன வாரம்கூடக் கோயிலில் பார்த்தேன், பக்தியோடு பிராகாரம் சுற்றிக்கொண்டிருந்தார். நான் எதிர்ப்பக்கமாகத் திரும்பிவிட்டேன். சாமி முன்னால் கெட்ட வார்த்தை வந்துவிடக் கூடாது.

கேஸ் இழுத்து இழுத்து, கடைசியில் மாடசாமி எங்கள் ஆள்தான் என்று தீர்ப்பு வந்தது. போய்ச் சொன்னேன். ஒரு கால் குட்டையாகி, கம்பை ஊன்றிக்கொண்டு நின்றான். "அது நமக்கு மொதல்லயே தெரியும்லா அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னான். இப்போது கோயம்புத்தூரில் ஓர் அபார்ட்மெண்டில் உட்கார்ந்து பார்க்கிற வாட்ச்மேன் வேலை.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொன்னால் என்னை அடியுங்கள். ஆனாலும் ஒன்று இருந்தது, இப்போது இல்லை. எங்கள் லாரியை ஏலத்தில் விட்டுவிட்டார்கள். வாடகை வண்டி வருகிறது, கிரேன் வருகிறது. டிரைவர் இறங்குவதே இல்லை. போன ஐப்பசியில் வடகரையில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது, கம்பத்தின்மேல் ஒரு பையன் வேலை செய்வதைப் பார்த்தேன். கீழே ஒருவரும் இல்லை. வண்டி கேபினில் டிரைவர் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல யாரு தம்பி?" என்று கேட்டேன்.

"தெரியல அண்ணாச்சி. காண்ட்ராக்டர் அனுப்புன ஆளு. இன்னைக்குத்தான் வாரான்."

முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். நான் கம்பத்தடியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன், அவன் இறங்கிக் கால் தரையில் படும்வரைக்கும். பிறகு அவனிடம் பெயரைக் கேட்டேன். கம்ப்ளெயின்ட் கொடுக்கப் போகிறேன் என்று பயந்து, அவன் சொல்ல மாட்டேன் என்றுவிட்டான்.