வேலிக்கு அந்தப் பக்கம் இடம் கேட்ட அம்மா

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. நினைவுப் பூசைக்கு வந்திருக்கும் உங்கள் கையில் இந்த மலர் இருக்கும். அட்டைப் படத்தில் அம்மா சிரிக்கவில்லை. சிரித்த படம் ஒன்று வேண்டுமென்று வீடு முழுக்கத் தேடினோம். தம்பி போன பிறகு எடுத்த எந்தப் படத்திலும் அம்மா சிரிக்கவில்லை. அதற்கு முன்பு எடுத்த படங்களில் தம்பியும் கூடவே நிற்கிறான். அவனை வெட்டி எடுத்துவிட்டு அம்மாவை மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை. ஒரே மகள் என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள். எனக்கு நயமாக எழுத வராது, உள்ளதை எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

அம்மா பிறந்தது கடத்தூருக்குப் பக்கத்தில், விவசாயம் செய்த ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில். படிப்பு எட்டாவதோடு நின்றது. பாப்பாரப்பட்டிப் பக்கம் எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அப்பாவுக்கு இருந்தது கொஞ்சம் மானாவாரி நிலமும் ஒரு கிணறும். கிணற்றில் தண்ணீர் இருந்த மாதங்களைவிட இல்லாத மாதங்களே அதிகம். கேழ்வரகு, அவரை, பிறகு தக்காளி என்று இருவரும் மண்ணோடு மல்லுக்கட்டினார்கள். கடைசியில் போட்ட போர்வெல் தண்ணீர் பயிரைக் காப்பாற்றியது. அதிலிருந்த ஃப்ளோரைடு எங்கள் பல்லை மஞ்சளாக்கி, அம்மாவின் எலும்பைத் தின்றது. நடுவயதிலேயே அவருக்கு முழங்கால் மடங்காது. ஆனாலும் பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற நேரத்தில் முட்டி போடாமல் இருந்ததில்லை. பெஞ்சைப் பிடித்து, பல்லைக் கடித்து, ஒவ்வொரு காலாக இறக்குவார். "நாக்காலியில உக்காருங்கம்மா, ஆண்டவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றேன் ஒருமுறை. "அவரு சிலுவையில தொங்குவாரு, நான் நாக்காலியில குந்திக்கிணு பாக்கணுமா? போடி" என்றார்.

அம்மாவைப் புனிதையாக்கிப் பார்க்க எனக்கு ஆசையில்லை. வாய் அதிகம். செபமாலை ஒரு பக்கம் உருளும், திட்டு ஒரு பக்கம் உருளும். "அருள் நிறைந்த மரியே வாழ்க, ஏய், அந்தக் கோழி கேழ்வரகுல எறங்குது பாரு, ஒன் கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது, கர்த்தர் உம்முடனே" என்று ஒரே மூச்சில் வரும். என் பிள்ளைகள் பாட்டியோடு செபம் சொல்லப் போட்டி போடுவார்கள். பக்தியினால் அல்ல, இந்தத் திட்டைக் கேட்கத்தான். அறுவடையில் முதல் கதிர்க்கட்டு பீடத்துக்குப் போகாமல் எங்கள் வீட்டில் அடுப்பில் களி கிண்டியதில்லை. ஊரில் பிரசவமானாலும் சாவானாலும், எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடானாலும், முதல் ஆளாக அம்மா போய் நிற்பார்.

அப்படிப்பட்டவர் வீட்டில்தான் அது நடந்தது. என் தம்பி தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டான். ஏன் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. முந்தின நாள் சாயங்காலம்கூட மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிப் போட்டான், என்னிடம் போனில் பேசினான், பிள்ளைகளை லீவுக்கு அனுப்பச் சொன்னான். இந்த மலரில் அவன் சாவை 'திடீர் மரணம்' என்று எழுதச் சொன்னார்கள் உறவுக்காரர்கள். அம்மா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அதனால் நானும் எழுதவில்லை.

பிணம் வீட்டில் கிடக்கும்போதே கோயில் பெரியவர்கள் வந்தார்கள். முன்னால் நின்றவர் அப்பாவின் பங்காளி, எனக்குச் சித்தப்பா முறை. "அண்ணி, தானா தேடிக்கிட்ட சாவுக்கு மந்திரிச்ச மண்ணு கெடையாது, கல்லறைத் தோட்டத்துக்குள்ள எடம் இல்ல. பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம். எங்களைத் தப்பா நெனைக்காதீங்க" என்றார். அப்போதிருந்த பங்குச் சாமியார் வீட்டில் ஒரு செபம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோயிலில் துக்க மணி அடிக்கவில்லை. அம்மா யாரோடும் சண்டை போடவில்லை. அத்தனை வாய் படைத்தவர், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

கல்லறைத் தோட்டத்தை ஒட்டியிருக்கும் நிலம் முனுசாமி அண்ணனுடையது. அவர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர். அவர்தான் வாசலில் வந்து நின்று, "ஆத்தா, எங்கொல்லை ஓரத்துல வெச்சிக்கோங்க. வேலிய ஒட்டியே வெச்சிக்கோங்க. உங்க சனத்துக்கும் அவனுக்கும் ஒரு எட்டுதான் இருக்கும்" என்றார். அங்கேதான் தம்பியை அடக்கம் செய்தோம். உள்ளே எங்கள் தாத்தா, பாட்டி, பெரியப்பா எல்லோரும் இருக்க, முள்வேலிக்கு வெளியே அவன் மட்டும்.

கல்லறைத் திருநாள் உங்களுக்குத் தெரியும். எல்லாக் கல்லறைக்கும் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி பரப்பி, மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருப்போம். சாமியார் ஒவ்வொன்றாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். வேலி வந்ததும் திரும்பிவிடுவார். அம்மா அந்த வேலியோரமாகவே நிற்பார். கை வீசித் தெளிக்கும்போது ஒரு துளியாவது முள்ளைத் தாண்டி அந்தப் பக்கம் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பார். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் சில ஆண்டுகள் திருநாளுக்கே வரவில்லை. அப்பா அந்தத் துக்கத்திலேயே இளைத்து, சீக்கிரமே போய்விட்டார். அவரைத் தாத்தாவுக்கு அருகில், புங்க மரத்தடியில் அடக்கம் செய்தோம். பக்கத்தில் அம்மாவுக்கென்று ஓர் இடம் விட்டுக் கல் நட்டார்கள்.

எங்கள் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. திருநாளுக்கு முன்பு வேலியைப் பிரித்து, கரையான் தின்ற குச்சிகளைப் பிடுங்கி, புது முள் வெட்டி அடைக்க வேண்டும். குடும்பத்துக்கு ஒரு பக்கம். ஆண்கள் செய்கிற வேலை அது. அப்பா போன பிறகு கோயில் கூட்டத்தில் அம்மா எழுந்து, "அந்தக் கெழக்குப் பக்கம் எங்கூட்டுக்கு உடுங்க, நான் அடைக்கறேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். மடங்காத காலோடு கடப்பாரை பிடித்துக் குழி போட்டார். பாவம், மகன் பக்கத்தில் இருக்க ஆசைப்படுகிறாள் என்று ஊரே உச்சுக் கொட்டியது. அம்மா என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எங்களில் யாருக்கும் அப்போது புரியவில்லை. பழைய குழியில் குச்சி நடாமல், ஒரு சாண் தள்ளி வெளியே நட்டார். மறு வருடம் இன்னொரு சாண். சில வருடங்களில் தம்பியின் தலைமாட்டுச் சிலுவை வேலிக்குள் வந்தது. பிறகு நெஞ்சு, பிறகு கால். ஒரு திருநாளில் புதிதாக வந்த இளம் சாமியார், ஒன்றும் அறியாதவர், நடந்துகொண்டே வந்து தம்பியின் மேல் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். அம்மா அப்படியே தரையில் குந்திவிட்டார். எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது.

காட்டுப்பன்றி வந்து கல்லறைகளைத் தோண்டுகிறது என்று சுற்றுச்சுவர் கட்டும் பேச்சு வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் சுவர் பழைய எல்லைக்கல் வழியாகத்தான் போகும் என்று முடிவு செய்தார்கள். அப்படிப் போனால் தம்பி மறுபடியும் வெளியே. முள்ளை நகர்த்தலாம், கருங்கல் அஸ்திவாரத்தை எப்படி நகர்த்துவது? இளம் சாமியார், "திருச்சபை இப்போ யாரையும் அப்படி ஒதுக்கறதில்லை" என்று எடுத்துச் சொன்னார். "அதுக்கில்லீங்க சாமி, அடுத்தவன் நெலத்துல எப்படிச் சுவரு கட்டறது?" என்றார் சித்தப்பா. அந்தக் கூட்டத்துக்கு முனுசாமி அண்ணனை யாரும் கூப்பிடவில்லை.

அந்த நேரத்தில்தான் அம்மாவின் வயிற்றில் புற்று இருப்பது தெரிந்தது. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் அலைந்தோம். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார்கள். அந்த வலியை நான் எழுதப் போவதில்லை. கஞ்சித் தண்ணீர் இறங்காத நாளிலும் கேட்டது ஒன்றுதான்: "சுவரு எங்க வந்துச்சி?" என் மகள் ஒருநாள் தாங்காமல், "மாமா உள்ளதான் இருக்காரு ஆயா, நீங்க தூங்குங்க" என்று பொய் சொன்னாள். "பொய் சொன்னா பாவசங்கீர்த்தனத்துல சொல்லோணும், ஞாபகம் வெச்சிக்க" என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

சாமியார் வந்து எண்ணெய் தொட்டு நோயில் பூசுதல் தந்த அன்று மத்தியானம் என்னை அருகில் அழைத்தார். "என்னைய அப்பாரு பக்கத்துல வெக்காத. எம்புள்ளைக்கு அந்தப் பக்கம் வெய்யி. வேலிக்கு வெளிய."

"என்னம்மா பேசறீங்க? அப்பா பக்கத்துல எடம் காத்துக்கிட்டு கெடக்குது."

"அப்பாரு கோவிச்சுக்க மாட்டாரு. அவரைச் சுத்தி சனம் இருக்குது. எம்புள்ளைக்கு யாரு இருக்கா?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அவன வெளிய உட்டுச் சுவரு கட்டுவாங்க. என்னைய வெளிய உட்டுக் கட்டட்டும் பாக்கலாம்."

நான் அழுதேன். "அழுவாத. சொன்னதச் செய்யி" என்றார். அதற்குப் பிறகு செபத்தைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

அம்மாவுக்குத் துக்க மணி அடித்தது. ஊரே திரண்டது. குழி எங்கே என்று நான் சொன்னதும் சித்தப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சா? பூசையே கதின்னு கெடந்த பொம்பளைய மந்திரிக்காத மண்ணுல போடறதா? ஊரு காறித் துப்பும்." "இது அவங்க கேட்ட எடம், சித்தப்பா. எம்மேல கோவம்னா எங்கிட்ட காட்டுங்க, அவங்களத் தடுக்காதீங்க" என்றேன். அதற்குள் முனுசாமி அண்ணன் மண்வெட்டியோடு போய்த் தன் நிலத்தில் வெட்ட ஆரம்பித்துவிட்டார். "எடம் என்னுது, நான் குடுக்கறேன். இதுல உங்களுக்கு என்ன கேடு?" என்றார் நிமிராமல். பிறகு எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "வருசா வருசம் ஆத்தா வேலிய நவுத்தறத நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நானும் அதுக்குத் தக்கன ஏரைத் தள்ளி ஓட்டினேன். அடிமேல அடி வெச்சா அம்மி நவுரும்பாங்க. எங்காத்தா வேலியவே நவுத்திப்புட்டா."

சாமியார் அந்தப் புது மண்ணை மந்திரித்தார். அம்மாவைத் தம்பிக்கு அந்தப் பக்கம் இறக்கினோம். முள்வேலி இருவருக்கும் நடுவில் நின்றது.

சுவர் வேலை தொடங்கிய அன்று நான் போயிருந்தேன். மேஸ்திரி எல்லைக்கல் வழியாக முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தார். சித்தப்பா வந்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் சிலுவையை வெகுநேரம் பார்த்தபடி நின்றார். அப்புறம் குனிந்து முளையைப் பிடுங்கினார், அம்மாவைத் தாண்டி நடந்துபோய், அங்கே குத்தி, கல்லால் அடித்து இறக்கினார். என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். அவரை மன்னித்துவிட்டாயா என்று என்னைக் கேட்காதீர்கள். முளையை நட்டது அவர் கைதான், அதை நான் மறைக்கவில்லை. பழைய முள்ளையெல்லாம் பிடுங்கி எரித்துவிட்டோம். சுவர் முழங்கால் உயரம் எழும்பி நிற்கிறது. அதைப் பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. சாமி கும்பிட்டுக் கும்பிட்டு முட்டி தேய்ந்த ஒரு பெண், தன் மகனுக்கு ஆறடி மண் வாங்கத் தன் பிணத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் இதை நினைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

நோயில் உடன் நின்ற அக்கம்பக்கத்தாருக்கும், மருந்துக்கும் வண்டிக்கும் ஓடிய என் கணவருக்கும், ஆயாவுக்குப் பொய்யும் கஞ்சியும் ஊட்டிய என் மகளுக்கும், இடம் மந்திரித்த பங்குத் தந்தைக்கும் எங்கள் நன்றி. கண்டும் காணாதவராக ஏரைத் தள்ளி ஓட்டிய முனுசாமி அண்ணனுக்கு நன்றி என்ற சொல் போதாது.

பூசை முடிந்ததும் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்கு வாருங்கள். அம்மாவுக்கென்று மெழுகுவர்த்தி கொண்டு வருகிறவர்கள், தயவுசெய்து இரண்டாகக் கொண்டு வாருங்கள்.