திரையில் எல்லாமே முதல் தரம்

போடியில் ஓர் ஏலக்காய்க் கடைக்கு, நானே கற்று எழுதிய இருப்பு மென்பொருளை வழங்கியிருந்தேன். அதன்பின் சரக்கின் தரம் உயர்ந்துவிட்டதாகப் போன வாரம் இங்கே பெருமையுடன் கட்டுரையும் எழுதினேன்.

இன்று கடைக்குப் போனபோது அதிர்ந்துபோனேன். சுருங்கிய காய் மூட்டையையும் அங்கே கணக்கெழுதும் செல்வி அக்கா கணினியில் 'முதல் தரம்' என்றே பதிந்தார்.

"என்னக்கா இது?"

காதருகே குனிந்தார். "சரக்கு கொண்டாந்த தோட்டக்காரரு ஸ்கிரீனப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு ஆத்தா. ரெண்டாந்தரம்னு அடிச்சா, அடுத்த லோடு பக்கத்துக் கடைக்குப் போயிரும்."

"அப்போ உண்மையான தரம்?"

"அவரு போனதும் மட்டமான மூட்டைக்குச் செவப்புக் கயிறு கட்டிருவோம்ல."

நான் ஆராய்ந்த தரவு முழுவதும் வெறும் உபசாரம்.

தோட்டக்காரர்கள் கண்ணில் படாதபடி திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். அக்கட்டுரைக்கு விருப்பக்குறி இட்ட நண்பர்கள், அதைத் திரும்பப் பெறுவதா, அதற்கும் சிவப்புக் கயிறு கட்டுவதா எனத் தெரிவிக்கவும்.